சுருளிப்பட்டிக்கு மேலே ஒரு புலிக்காடு



ஹாஸ்டலில் சேர்ந்த முதல் வாரம் எல்லாரும் கேட்கிற கேள்வி, "உனக்கு எந்த ஊரு?" சுருளிப்பட்டி என்று சொன்னால் பாதிப் பேர் முழிப்பார்கள். "சுருளி அருவி தெரியுமா, அதுக்குக் கீழ இருக்கிற ஊரு" என்றால் கொஞ்சம் தலையாட்டுவார்கள். "அரிக்கொம்பன் சுத்துச்சே, அந்த ஊருடா" என்றால் போதும், அத்தனை பேரும் "ஓ, அதுவா!" என்று எழுந்து உட்காருவார்கள்.

ஒரு யானையால் எங்க ஊருக்குப் பேர் கிடைத்தது. ஆனால் அந்த யானை எங்கிருந்து வந்தது, ஏன் இந்தப் பக்கம் வந்தது, எங்க ஊருக்கு மேலே இருக்கிற காடு என்ன காடு என்று கேட்டால், அங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கே ரொம்ப நாள் சரியான பதில் தெரியாது. தேடிப் படித்தும், ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். பொறியியல் படிக்கிற நமக்குப் புரிகிற கணக்கும் இதில் கொஞ்சம் இருக்கு. பயப்படாதீங்க, அரியர் விழுகிற அளவுக்கு இல்லை!

முதலில் மேப்பைப் பார்த்துடுவோம்

கம்பம் பள்ளத்தாக்கை ஒரு பெரிய தொட்டி மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். மேற்குச் சுவர் கேரளாவின் இடுக்கி மாவட்டத்து ஏலக்காய் மலைகள். கிழக்குச் சுவர் மேகமலை. தெற்கே இரண்டும் நெருங்கி வந்து குமுளி, தேக்கடிப் பக்கம் மூடிக்கொள்ளும். வடக்கே தேனியை நோக்கித் திறந்திருக்கும். இந்தத் தொட்டியின் கிழக்குச் சுவரை ஒட்டி, மலையடிவாரத்தில் இருப்பதுதான் எங்க சுருளிப்பட்டி.

மேகமலைக்கு வெள்ளைக்காரர்கள் வைத்த பெயர் ஹைவேவிஸ். அலை அலையாகத் தெரிகிற உயரமான மலை என்பதால் அந்தப் பெயர். சின்னமனூரிலிருந்து 18 கொண்டை ஊசி வளைவு ஏறினால் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் தேயிலைத் தோட்டமும் ஏரிகளுமாக அந்த ஊர் வரும். நம்மில் பலர் பைக்கில் போய் ரீல்ஸ் எடுத்த இடம் அதுதான். ஆனால் அந்தத் தேயிலைத் தோட்டம் மட்டும் மேகமலை இல்லை. அதைச் சுற்றிலும், அதற்கு அந்தப்பக்கமும் பல மைல் தூரத்துக்குக் காடு கிடக்கிறது.

இந்த மலையின் விசேஷம் என்ன தெரியுமா? இதன் தலையில் விழுகிற மழை மூன்று பக்கமாகப் பிரிந்து போகும். மேற்குச் சரிவில் விழுவது சுருளியாறாகி எங்க பள்ளத்தாக்குக்கு இறங்கும். கிழக்குச் சரிவில் விழுவது வருசநாட்டுப் பக்கம் இறங்கி மூல வைகையாகும். தெற்கே விழுவது பெரியாற்றுப் படுகைக்குப் போகும். சுருளியாறும் மூல வைகையும் ஆளுக்கொரு பள்ளத்தாக்கில் வடக்கே ஓடி, தேனிக்குப் பக்கத்தில் ஒன்று சேர்ந்து, வைகை அணைக்குள் போகின்றன. அதற்குப் பிறகுதான் வைகை தென்கிழக்கே திரும்பி மதுரைக்கும் ராமநாதபுரத்துக்கும் போகிறது.

கேரளாவுக்குப் போகிற பெரியாற்றுத் தண்ணீரும் முழுதாக அங்கே போய்விடுவதில்லை. பென்னிகுயிக் கட்டிய அணை 1895இல் திறக்கப்பட்ட நாளிலிருந்து, தேக்கடியில் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக ஒரு பகுதி இந்தப்பக்கம் திரும்பி, லோயர்கேம்ப்பில் மின்சாரம் கொடுத்துவிட்டுக் கம்பம் பள்ளத்தாக்கு வயலுக்கு வருகிறது. ஆக, மதுரையில் ஒருத்தர் குழாயைத் திறந்து ஒரு குடம் தண்ணீர் பிடித்தால், அதற்கும் இந்தக் காட்டுக்கும் நேரடி சம்பந்தம் இருக்கிறது. இதை மறந்துடாதீங்க, கடைசியில் மறுபடி வருவேன்.

ஒரே மலை, இரண்டு வானிலை

ஜூன், ஜூலையில் எங்க ஊருக்கு வந்தால் ஒரு வேடிக்கை பார்க்கலாம். மலை உச்சி முழுக்க மேகம் மூடி மழை கொட்டிக்கொண்டிருக்கும். கீழே ஊருக்குள் சாரலும் காற்றும்தான் இருக்கும், பெரிய மழை வராது. காரணம் நமக்குத் தெரிந்த இயற்பியல்தான். அரபிக்கடலிலிருந்து வருகிற ஈரக்காற்று மலைமேல் ஏறும்போது விரிந்து குளிர்ந்து, மழையாகக் கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டி இறங்கும்போது அது அழுத்தப்பட்டுச் சூடாகிவிடும். ஈரமும் காலி. அதனால் பள்ளத்தாக்கு மழை மறைவுப் பிரதேசம் ஆகிவிட்டது. எங்களுக்கு நம்பகமான மழை ஐப்பசி, கார்த்திகையில் வருகிற வடகிழக்குப் பருவமழைதான்.

இதனால்தான் இங்கே சில கிலோமீட்டர் உயரே ஏறுவதற்குள் காடு நான்கைந்து தடவை முகம் மாறும். அடிவாரத்தில் முள் மரங்களும் புதர்க்காடும். கொஞ்சம் மேலே கோடையில் இலை உதிர்க்கிற காடு. அதற்கு மேலே எப்போதும் பச்சையாக இருக்கிற மழைக்காடு. உச்சிக்குப் பக்கத்தில் புல்வெளியும், அதன் மடிப்புகளில் சோலைக்காடும். ஒரு சின்ன இடத்துக்குள் இவ்வளவு விதமான காடு இருப்பதால்தான் இவ்வளவு விதமான உயிர்களும் இருக்கின்றன.

51ஆவது புலிகள் காப்பகம்

2021 பிப்ரவரியில் இந்தக் காடு ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம் என்று அறிவிக்கப்பட்டது. இந்தியாவின் 51ஆவது காப்பகம். களக்காடு-முண்டந்துறை, ஆனைமலை, முதுமலை, சத்தியமங்கலத்துக்குப் பிறகு தமிழ்நாட்டின் ஐந்தாவது. இது புதிதாக வளர்த்த காடு இல்லை. ஏற்கெனவே பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு சரணாலயங்களை, அதாவது சுமார் 480 சதுர கி.மீ. உள்ள ஸ்ரீவில்லிபுத்தூர் சாம்பல் நிற அணில்கள் சரணாலயத்தையும் சுமார் 269 சதுர கி.மீ. உள்ள மேகமலை வன உயிரினச் சரணாலயத்தையும், சுற்றியுள்ள காப்புக்காடுகளையும் சேர்த்து ஒரே நிர்வாகத்தின் கீழ் கொண்டுவந்தார்கள். தேனி, மதுரை, விருதுநகர் மாவட்டங்களில் அது பரந்து கிடக்கிறது.

மொத்தப் பரப்பு 1,016.57 சதுர கி.மீ. இதில் 641.86 சதுர கி.மீ. மையப் பகுதி, நாம் 'கோர்' என்று சொல்வோமே, அது. மீதி சுமார் 374.7 சதுர கி.மீ. 'பஃபர்' எனப்படும் வெளிப்பகுதி. கோர் என்பது விலங்குகளுக்கு முன்னுரிமை உள்ள இடம். பஃபர் என்பது மனிதனும் விலங்கும் சேர்ந்து சமாளிக்க வேண்டிய இடம்.

ஆயிரம் சதுர கி.மீ. என்றால் பெருசாத்தானே தோணுது? அங்கேதான் விஷயம் இருக்கு.

புலிக்கு எவ்வளவு இடம் வேணும்?

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ஒரு புலி வருஷத்துக்குச் சுமார் 50 பெரிய இரைவிலங்குகளைக் கொன்று தின்னும். வாரத்துக்கு ஒரு மான் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடமான், புள்ளிமான், காட்டுப்பன்றி, காட்டுமாட்டுக் கன்று, எது கிடைத்தாலும் சரி. ஆனால் இரைவிலங்குக் கூட்டம் அழியாமல் இருக்க வேண்டும் என்றால், புலி அதில் வருஷத்துக்குப் பத்தில் ஒரு பங்குதான் எடுக்கலாம். அதாவது 50 எடுக்க 500 இருக்கணும். அசலைத் தொடாமல் வட்டியில் சாப்பிடுகிற கணக்கு.

ஒரு புலிக்கு 500 என்றால், 20 புலிக்கு 10,000 மான், மாடு, பன்றி வேண்டும். அவ்வளவுக்கும் மேய இடம் வேண்டும், குடிக்கத் தண்ணீர் வேண்டும். இதனால்தான் "புலியைக் காப்பாத்தினா காட்டையே காப்பாத்தின மாதிரி" என்று சொல்கிறார்கள். வெறும் வசனம் இல்லை அது, பின்னால் இருப்பது இந்தப் பெருக்கல் கணக்கு.

அடுத்தது, புலிகள் தலைமுறை தலைமுறையாக நிலைக்க வேண்டுமென்றால் குட்டி போடுகிற பெண் புலிகள் குறைந்தது 20ஆவது இருக்க வேண்டும் என்பது தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம் பின்பற்றுகிற கணக்கு. அதற்கு மனிதத் தொந்தரவு இல்லாத காடு 800 முதல் 1,200 சதுர கி.மீ. வரை வேண்டும்.

இப்போ நம்ம கோர் பகுதி எவ்வளவு? 641.86. பத்தவில்லை!

அப்படியென்றால் இந்தக் காப்பகம் வேஸ்ட்டா? இல்லை. மேப்பில் எல்லைக்கோட்டுக்கு அந்தப்பக்கம் பாருங்கள். 925 சதுர கி.மீ. பரப்புள்ள கேரளாவின் பெரியாறு புலிகள் காப்பகம் ஒட்டிக்கொண்டே இருக்கிறது. அதன் கோர் பகுதி மட்டும் 881 சதுர கி.மீ. இரண்டு கோரையும் கூட்டினால் 1,500ஐத் தாண்டிவிடும். புலிக்கு மாநில எல்லை தெரியாது, அதற்கு இது ஒரே காடு. தனியாக எடுத்தால் சின்னது, சேர்த்து எடுத்தால் பெரியது. நம்ம காப்பகத்தின் மதிப்பே இந்தச் சேர்மானத்தில்தான் இருக்கிறது.

அதே சமயம் இந்தப் பெரிய காடும் ஒரு தீவு மாதிரிதான். தெற்கே செங்கோட்டைக் கணவாயில் சாலையும் ரயிலும் ஊர்களும் குறுக்கே வந்து, களக்காடு-முண்டந்துறைப் பக்கத்துக் காட்டைப் பிரிக்கின்றன. வடக்கே போக வேண்டுமென்றால் மேற்கு மலை விளிம்பில் மெல்லிய காட்டுத் துண்டுகள் வழியாக மதிகெட்டான் சோலைப் பக்கம் போக வேண்டும். போடி அருகே பொட்டிபுரத்தில் வரவிருந்த நியூட்ரினோ ஆய்வகம் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2022இல் தமிழ்நாடு அரசு அதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் சொன்ன காரணங்களில் முக்கியமானது, அந்த மலைச்சரிவு மதிகெட்டான்-பெரியாறு புலி வழித்தடத்தில் வருகிறது என்பதுதான். அறிவியல் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. எந்த இடத்தில் என்பதுதான் கேள்வியாக இருந்தது. நாளைக்கு நாமே ஒரு திட்டத்துக்கு இடம் தேர்வு செய்கிற நாற்காலியில் உட்காரலாம், அப்போது இது ஞாபகத்துக்கு வரட்டும்.

புலியை எப்படி எண்ணுறாங்க?

முன்பெல்லாம் காலடித் தடத்தை வைத்து எண்ணினார்கள். ஒரே புலியின் தடம் மண்ணைப் பொறுத்து மாறும் என்பதால் தப்பு நிறைய வந்தது. ராஜஸ்தானின் சரிஸ்கா காப்பகத்தில் ஒரு புலிகூட மிச்சமில்லை என்று 2005இல் வெளியே தெரிந்து நாடே அதிர்ந்த பிறகு முறையே மாறியது.

இப்போது காட்டை 2 சதுர கி.மீ. கட்டங்களாகப் பிரித்து, பாதையின் இருபுறமும் எதிரெதிரே தானியங்கி கேமரா கட்டுகிறார்கள். ஏன் இரண்டு? புலியின் இடதுபக்க வரியும் வலதுபக்க வரியும் ஒரே மாதிரி இருக்காது. நம் கைரேகை மாதிரி ஒவ்வொரு புலிக்கும் வரி வேறு, இரண்டு பக்கமும் படம் இருந்தால்தான் ஆளை உறுதியாக அடையாளம் காண முடியும். சூடான உடம்பு அசைவதை அகச்சிவப்பு சென்சார் உணர்ந்ததும் கேமரா 'க்ளிக்' ஆகும்.

எல்லாப் புலியும் கேமராவில் விழாதே? அதற்கு ஒரு எளிய நிகழ்தகவு உண்டு. முதல் சுற்றில் 10 புலி படத்தில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது சுற்றில் 8 வருகிறது. அந்த எட்டில் 4 ஏற்கெனவே பார்த்த முகம். அப்படியானால் முதல் சுற்று மொத்தப் புலிகளில் பாதியைத்தான் பிடித்திருக்கிறது என்று ஊகிக்கலாம். பத்து என்பது பாதி என்றால் மொத்தம் 20. சூத்திரமாகச் சொன்னால் 10 × 8 ÷ 4. (எண்கள் சும்மா உதாரணத்துக்குத்தான்.) உண்மையான கணக்கெடுப்பில் எந்தக் கேமராவில் எந்தப் புலி எங்கே வந்தது என்பதையும் சேர்த்துக் கணிப்பார்கள், ஆனால் அடிப்படை இதுதான். இப்படி எண்ணித்தான் தமிழ்நாட்டில் 2018இல் 264 ஆக இருந்த புலிகள் 2022இல் 306 ஆனதாகச் சொன்னார்கள்.

புலி மட்டுமா?

உண்மையைச் சொல்லணும்னா, எங்க ஊரில் புலியை நேரில் பார்த்தவர்கள் ரொம்பக் குறைவு. ஆனால் காட்டில் வேறு பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் உண்டு.

சாம்பல் நிற மலை அணில்: ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்தின் ஹீரோ. இவருக்காகவே 1988இல் தனிச் சரணாலயம் அமைத்தார்கள். தென்னிந்தியாவின் சில காடுகளிலும் இலங்கையிலும் மட்டுமே இருக்கிறார். நம் வீட்டு அணிலைப் போலத் தரையில் ஓடமாட்டார். ஓடையோரத்துப் பெரிய மரங்களில் இலையாலும் குச்சியாலும் கூடு கட்டி, மரத்துக்கு மரம் தாவியே வாழ்க்கையை ஓட்டுவார். மரங்களின் தலைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கணும். நடுவில் நாலு மரத்தை வெட்டினால் இவருக்கு ரோடு கட். புலிக்கு வழித்தடம் எப்படியோ, அணிலுக்கு மரக்கிளை அப்படி.

வரையாடு: தமிழ்நாட்டின் மாநில விலங்கு. செங்குத்துப் பாறையும் புல்வெளியும் சேர்ந்த இடத்தில்தான் வாழும்.

சோலைமந்தி: சிங்கவால் குரங்கு என்றால் உடனே தெரியும். மழைக்காட்டை விட்டு வெளியே வராத குரங்கு. பக்கத்திலேயே கருமந்தியும் உண்டு.

இருவாச்சி: பெரிய அலகுள்ள பறவை. பெண் பறவை மரப்பொந்துக்குள் போய் வாசலை அடைத்துக்கொண்டு அடைகாக்கும், ஆண் வெளியிலிருந்து சின்ன ஓட்டை வழியாகப் பழம் ஊட்டும். பொந்து விழுகிற அளவுக்கு வயசான பெரிய மரம் இல்லையென்றால் இருவாச்சியும் இல்லை.

சலீம் அலி பழந்தின்னி வௌவால்: இதன் கதைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. 1948இல் ஹைவேவிஸ் தோட்டத்தில் வேலை பார்த்த ஆங்கஸ் ஹட்டன் என்பவர் ஒரு வௌவாலைப் பிடித்து பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பினார். சாதாரண வௌவால் என்று நினைத்து அதை எடுத்து வைத்துவிட்டார்கள். 24 வருஷம் கழித்து, 1972இல் தாய்லாந்து விலங்கியலாளர் கிட்டி தோங்லோங்யா அதே மாதிரியை எடுத்துப் பார்த்து, "இது உலகத்துக்கே புது இனம்" என்று கண்டுபிடித்து, பறவையியலாளர் சலீம் அலியின் பெயரை வைத்தார். எங்க மலையில் பிடித்த வௌவால், அலமாரிக்குள்ளேயே இத்தனை வருஷம் பேர் இல்லாமல் கிடந்திருக்கிறது! இந்த ஹட்டன் பெயரில் ஒரு குழிவிரியன் பாம்பும் உண்டு, அதுவும் ஹைவேவிஸ் பாம்புதான். 2023 தொடக்கத்தில்கூட மேகமலையின் பெயரையே தாங்கி ஒரு புது வண்ணத்துப்பூச்சி இனம் அறிவிக்கப்பட்டது. இன்னும் எத்தனை பாக்கி இருக்கோ!

2023 மே மாதம் என்ன நடந்தது?

இப்போ அரிக்கொம்பனுக்கு வருவோம். மலையாளத்தில் அரி என்றால் அரிசி. ரேஷன் கடையையும் வீட்டையும் உடைத்து அரிசி தின்றதால் வந்த பெயர். இடுக்கியின் சின்னக்கானல் பகுதியில் சுற்றிய இந்த ஆண் யானையை 2023 ஏப்ரல் 29 அன்று மயக்க ஊசி போட்டுப் பிடித்து, கழுத்தில் ரேடியோ காலர் மாட்டி, பெரியாறு காப்பகத்துக்குள் கொண்டுபோய் விட்டார்கள்.

விட்ட இடம் நல்ல காடுதான். ஆனால் யானைக்கு அது தெரியாத காடு. கொஞ்ச நாளிலேயே எல்லை தாண்டி மேகமலைப் பக்கம் வந்துவிட்டது. மே 27 காலையில் கம்பம் ஊருக்குள்ளேயே நடந்துவந்தது. 144 தடை உத்தரவு போட்டார்கள். அன்று காயம்பட்ட ஒருவர் சில நாளில் இறந்துபோனார். அதற்குப் பிறகு சுருளிப்பட்டிப் பக்கத்துத் தோட்டங்கள், சுருளி அருவி, சண்முகாநதிப் பக்கம் என்று அடிவாரத்தையே சுற்றியது. கடைசியில் ஜூன் 5 அதிகாலையில் சின்ன ஓவுலாபுரம் அருகே மறுபடி மயக்க ஊசி போட்டு, கும்கிகளை வைத்து லாரியில் ஏற்றி, களக்காடு-முண்டந்துறைக் காட்டில் மேல் கோதையாறு பக்கம் கொண்டுபோய் விட்டார்கள்.

அந்தப் பத்து நாள் எங்க ஊர் எப்படி இருந்தது என்று டிவி பார்த்தவர்களுக்குப் புரியாது. சுருளிப்பட்டியில் வருஷம் முழுக்கத் திராட்சை காய்க்கும். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய கம்பம் பன்னீர் திராட்சை எங்க பக்கத்துச் சரக்குதான். கொத்து பழுத்து நிற்கிற நேரத்தில் தோட்டத்துக்குள் போக முடியாது, ஆள் கூலிக்கு வரமாட்டார்கள், ராத்திரி கரண்டு போனால் ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்கும்.

எங்க மாமா திராட்சை போட்டிருக்கிறார். லீவுக்குப் போனபோது நான் வழித்தடம், வாழிடம் என்று பெரிதாகப் பேசிக்கொண்டிருந்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "மாப்ள, யானை இருக்கணும், காடு இருக்கணும், நான் வேணாங்கல. ஆனா பந்தலைச் சாய்ச்சிட்டுப் போனா நான் யார்கிட்ட போய் நிக்கிறது? உனக்கு அது காடு. எனக்கு அது ராத்திரிக் காவல்."

எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. இப்பவும் முழுப் பதில் இல்லை. ஆனால் இரண்டு விஷயம் புரிந்தது.

ஒன்று, இது யானை மட்டும் செய்த தப்பு இல்லை. வளர்ந்த யானைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 150 கிலோ தீனியும் நூறு லிட்டருக்கு மேல் தண்ணீரும் வேண்டும். கோடையில் அடிவாரக் காடு காய்ந்து கிடக்கும்போது, வேலிக்கு இந்தப்பக்கம் வாழையும் தென்னையும் தண்ணீர்த் தொட்டியும் இருந்தால் அது எந்தப் பக்கம் நடக்கும்? நாமாக இருந்தாலும் மெஸ் சாப்பாடு சரியில்லை என்றால் வெளியேதானே போகிறோம்!

இரண்டு, காப்பகத்தின் விலையை எல்லாரும் சமமாகக் கொடுக்கவில்லை. தண்ணீர் ஐந்து மாவட்டத்துக்குப் போகிறது, சுத்தமான காற்று எல்லாருக்கும். ஆனால் சாய்ந்த பந்தலின் நஷ்டம் அடிவாரத்து விவசாயி ஒருத்தருக்கு மட்டும். தலைமுறையாகக் காட்டில் தேனும் கிழங்கும் எடுத்து வாழ்ந்த பளியர்களுக்கும், வருசநாட்டு மலையில் விவசாயம் செய்கிறவர்களுக்கும் காப்பகம் என்ற வார்த்தை கேட்டதும் முதலில் வருவது பயம்தான். இழப்பீடு சீக்கிரம் கைக்கு வருவது, வன உரிமைச் சட்டப்படி உரியவர்களுக்கு உரிமை கிடைப்பது, யானை வருவதை முன்கூட்டியே ஊருக்குச் சொல்கிற ஏற்பாடு, இதெல்லாம் காட்டுக்கு எதிரான கோரிக்கை இல்லை. காடு நிலைப்பதற்கே தேவையானவை. அடிவாரத்து மக்கள் வெறுத்துவிட்டால் எந்த வேலியும் புலியைக் காப்பாற்றாது.

இந்த முன்னெச்சரிக்கை வேலை நம்ம ஏரியாதான் தெரியுமா? ரேடியோ காலர் என்பது ஜிபிஎஸ் மூலம் யானை நிற்கிற இடத்தைக் கண்டுபிடித்து, செயற்கைக்கோள் வழியாக அனுப்புகிற ஒரு கருவி. அடர்ந்த மரமும் மலை மடிப்பும் சிக்னலைத் தின்றுவிடும், பேட்டரியையும் அளந்து செலவு செய்ய வேண்டும். மலிவான சென்சார், யானையையும் மாட்டையும் குழப்பிக்கொள்ளாத மென்பொருள், டவர் இல்லாத இடத்திலும் போகிற குறுஞ்செய்தி, இதெல்லாம் ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்குத் தலைப்புத் தேடி அலைகிறவர்களுக்கு நான் இலவசமாகக் கொடுக்கிற ஐடியா!

காடு ஒரு கெபாசிட்டர்

மதுரைக் குழாய்த் தண்ணீரை ஞாபகம் வைத்திருக்கிறீர்களா? எலக்ட்ரிக்கல் நண்பர்களுக்கு இதைச் சுலபமாக விளக்கிடலாம். ஏசியை டிசியாக மாற்றும்போது ரெக்டிஃபையருக்குப் பிறகு ஒரு கெபாசிட்டர் போடுவோம். ஏன்? மின்னழுத்தம் துள்ளித் துள்ளி வருகிறது. உச்சத்தில் வரும்போது கெபாசிட்டர் சேர்த்து வைத்துக்கொண்டு, இறங்கும்போது மெல்ல வெளியே விடும். வெளியீடு சீராகும்.

மழையும் அப்படித்தான், துள்ளல் துள்ளலாக வருகிறது. ரெண்டு மாசம் கொட்டும், நாலு மாசம் காயும். மலை மேலே இருக்கிற சோலைக்காடும் புல்வெளியும்தான் கெபாசிட்டர். மரத்தலை மழையின் அடியை வாங்கிக்கொள்ளும். மக்கிய இலைப்படுகை தண்ணீரை உள்ளே விடும். வேரும் மண்ணும் பிடித்து வைத்து, ஓடையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடும். அதனால்தான் மழை நின்று பல வாரம் ஆனாலும் மலை ஓடையில் தண்ணீர் வருகிறது. கெபாசிட்டரைக் கழற்றிவிட்டால்? மழைக்காலத்தில் வெள்ளமும் மண்ணும் ஒன்றாக வரும், கோடையில் ஒன்றும் வராது. அந்த மண் போய் அணையில் படிந்து, அணையின் கொள்ளளவும் குறையும். 1959இல் திறந்த வைகை அணையை இன்னொரு தடவை கட்டுவதைவிட, மேலே இருக்கிற காட்டைக் காப்பது ரொம்ப மலிவு.

ஹைவேவிஸ் பக்கத்து நீர்த்தேக்கங்களிலிருந்து குழாயில் இறங்கி வருகிற தண்ணீரில்தான் 35 மெகாவாட் திறனுள்ள சுருளியாறு மின்நிலையமும் ஓடுகிறது. எங்க வீட்டு லைட்டுக்கும் அந்தக் காட்டுக்கும் ஒரு கம்பிதான் தூரம்.

எங்க ஊருக்கு வந்தா

சுருளி அருவிக்கு நீங்கள் கண்டிப்பாக வரணும். ஆடி, தை அமாவாசைக்கு முன்னோருக்குத் திதி கொடுக்க வருகிற கூட்டத்தையும் பார்க்கலாம். வரும்போது சில விஷயம்.

கிளம்பும் முன்பு அருவி திறந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டு வாருங்கள். வெள்ளம் வந்தாலோ, யானைக்கூட்டம் நடமாடினாலோ வனத்துறை மூடிவிடும். "இவ்ளோ தூரம் வந்துட்டோமே சார்" என்று கேட்டில் நின்று சண்டை போடாதீர்கள். அது அதன் வீடு, நாம்தான் விருந்தாளி. அருவியில் சோப்பு, ஷாம்பு வேண்டாம், அந்தத் தண்ணீரை விலங்குகளும் குடிக்கின்றன, நாங்களும் குடிக்கிறோம். குரங்குக்குச் சிப்ஸ் கொடுக்காதீர்கள். கொடுத்துப் பழக்கிய குரங்கு அடுத்த நாள் ஊருக்குள் ஓடு பிரிக்க வரும். மேகமலைக்குப் பைக்கில் போனால் சாயங்காலத்துக்குள் கீழே இறங்கிவிடுங்கள், ராத்திரி அந்த ரோடு அவர்களுக்கு.

கூடலூருக்கு மேலே மலையில் கண்ணகி கோயில் இருக்கிறது. பெரியாறு காப்பகத்துக்குள் இருப்பதால் வருஷத்தில் ஒரே ஒரு நாள், சித்ரா பௌர்ணமிக்கு மட்டும் மக்களை விடுவார்கள். அந்த ஒரு நாள் ஆயிரக்கணக்கில் போய்க் கும்பிட்டு, சாயங்காலத்துக்குள் இறங்கிவிடுகிறோம். மீதி 364 நாளும் அந்த மலை காட்டுக்குத்தான். சின்ன வயசில் எனக்கு அது கோபமாக இருக்கும், "ஏன் ஒரு நாள்தான்?" என்று. இப்போது வேறு மாதிரி தோன்றுகிறது. ரெண்டு பேரும் ஒரே இடத்தில் வாழணும்னா, யாருக்கு எப்போ என்று ஒரு ஒப்பந்தம் வேண்டும். அந்த மலையில் அது நடக்கிறது. அடிவாரத்திலும் அப்படி ஒன்று சாத்தியம்தான் என்று நினைக்கிறேன்.

போன லீவில் மாமாவிடம் கெபாசிட்டர் கதையைச் சொன்னேன். சிரித்துவிட்டு, "சரி மாப்ள, அந்தத் தண்ணி வரலைன்னா பந்தலே இல்ல, அதுவும் வாஸ்தவந்தான். படிச்சு முடிச்சு, யானை வர்றதுக்கு முன்னாடி எனக்குப் போன் அடிக்கிற மாதிரி ஏதாவது பண்ணு" என்றார். ப்ராஜெக்ட் தலைப்பு எனக்கும் கிடைத்துவிட்டது. சேர விருப்பம் உள்ளவர்கள் நம்ம இதழ்க் குழுவிடம் பேர் கொடுங்கள்!